வழி தவறி வந்த வாயில்லா ஜீவன்



சென்ற இதழில் பனிக்காலத்துச் சளித் தொல்லையைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை கோடைக்கு வேண்டிய வடாம், வற்றல் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் கை அங்கே போகவில்லை. தை மாதத்தில் எங்கள் தெருவில் நடந்த ஒரு விஷயம் மனசைவிட்டு நகர மாட்டேன் என்கிறது. அதைச் சொல்லி முடித்தால்தான் மற்றதெல்லாம் ஓடும்.

"சமையலும் குழந்தை வளர்ப்பும் வருகிற பக்கத்தில் காளை மாட்டுக் கதையா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மாட்டுக்கு வைக்கோல் போட்டுத் தண்ணீர் காட்டுகிறது யார்? நாம்தானே! அதனால் இதுவும் நம் வீட்டு விஷயம்தான்.

எங்கள் ஊர் செட்டியார்பட்டி, ராஜபாளையத்துக்குத் தெற்கே தளவாய்புரத்தை ஒட்டி இருக்கிறது. மேற்கே பார்த்தால் மலை தெரியும். தெருவுக்குள் நுழைந்தால் தையல் மிஷின் சத்தம் கேட்கும். தளவாய்புரத்து நைட்டி எந்த ஊருக்கெல்லாம் போகிறது என்று உங்களுக்கே தெரியும். எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் அந்தத் தையலில் இருக்கிறவர்கள்தான்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு மதினி இருக்கிறார். சொந்தத்தில் மதினி இல்லை, ஆனால் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொந்தமாகிவிட்டார். கணவர் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. இரண்டு பசு, ஒரு மகன், ஒரு காளை இவ்வளவுதான் குடும்பம். காளைக்குப் பெயர் மயிலை. நிறமும் மயிலைதான். கன்றாக வாங்கி வந்த நாள் முதல் அவர் கையால்தான் தீனி. வெளியாள் வந்தால் கொம்பைச் சாய்க்கும், மண்ணைக் கிளறும். மதினி "ஏலே, சும்மா கிட" என்று ஓர் அதட்டுப் போட்டால் கன்றுக்குட்டி மாதிரி தலையைக் குனிந்துகொள்ளும். மதுரை, சிவகங்கைப் பக்கம் ஜல்லிக்கட்டுக் காளைகளைப் பெண்கள் வளர்க்கிற வீடுகள் நிறைய உண்டு என்று படித்திருப்பீர்கள். அது எவ்வளவு நிஜம் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம்தான் பழக்கம். ஜல்லிக்கட்டு என்றால் மதுரைப் பக்கம் போக வேண்டும். தைப் பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்பது எல்லோருக்கும் தெரிந்த வரிசை. இவை தவிர சின்ன ஊர்கள் பலவற்றில் மாசி, பங்குனி தாண்டியும் நடக்கும். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, 2017 ஜனவரியில் மெரினாவில் பிள்ளைகள் திரண்டது, அதே மாதம் தமிழக அரசு புதுச் சட்டம் கொண்டுவந்தது, 2023 மே 18-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்ந்து அந்தச் சட்டம் செல்லும் என்று சொன்னது எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். அதன் நியாய அநியாயத்தை இங்கே பேச வரவில்லை. வாடிவாசலை விட்டு வெளியேறிய பிறகு அந்தக் காளைக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்ல வந்தேன். டெலிவிஷன் அதைக் காட்டுவதே இல்லை.

போனது வரவில்லை

மதுரைப் பக்கம் ஒரு சிற்றூரில் ஜல்லிக்கட்டு. மதினியின் மகனும் அவன் கூட்டாளிகளும் குட்டி யானை வண்டியில் மயிலையை ஏற்றிக்கொண்டு போனார்கள். புறப்படும்போது மதினி அதன் நெற்றியில் திருநீறு பூசி, "பத்திரமா வந்துரு சாமி" என்றார்.

சாயங்காலம் போன் வந்தது. "அம்மா, மயிலை யார் கையிலயும் பிடிபடலை. ஆனா கட்டுற இடத்துலயும் நிக்கலை. தாண்டி ஓடிருச்சு."

நமக்கு இது புரிய வேண்டுமென்றால் ஒரு விவரம் தெரிய வேண்டும். வாடிவாசலில் மூக்கணாங்கயிற்றை அறுத்துவிட்டுத்தான் காளையை விடுகிறார்கள். களத்தைக் கடந்ததும் மாடுகளைச் சேர்த்துப் பிடிக்க ஓர் இடம் உண்டு. சொந்தக்காரர்கள் புதுக் கயிற்றோடு அங்கே காத்திருப்பார்கள். பெரும்பாலான காளைகள் சொந்தக்காரர் குரலைக் கேட்டு நின்றுவிடும். ஆனால் கூட்டம், விசில், மைக் சத்தத்தில் மிரண்டு போன மாடு சில சமயம் அந்த இடத்தையும் தாண்டி வயல் காட்டுக்குள் இறங்கிவிடும். பிடிக்கக் கயிறும் இல்லை, பழகிய ஊரும் இல்லை. இருட்டில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, ரயில் பாதை, நாற்கரச் சாலை எல்லாம் எமன்தான்.

அன்று ராத்திரி மதினி சாப்பிடவில்லை. மயிலை கட்டுகிற முளைக்குச்சிக்கு முன்னால் வைக்கோலை உதறிப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "வந்து தேடுமே தாயி" என்றார். 85 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற மாடு இன்றைக்கு எப்படி வரும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடையாளம் சொன்னது யார்?

மறுநாள் காலையில் தெருவே கூடிவிட்டது. "நோட்டீஸ் எழுது, போனில் எல்லோருக்கும் அனுப்புவோம்" என்றார்கள். என்னை எழுதச் சொன்னார்கள். மதினி மகனின் போனில் இருந்த போட்டோக்களைப் பார்த்தேன். பத்துப் படம் இருந்தது. பத்திலும் காளைக்கு முன்னால் அவன்தான் நிற்கிறான்! மாட்டின் முகத்தில் பாதியும் ஒரு கொம்பும்தான் தெரிந்தது. அதை வைத்து மயிலை நிறக் காளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கிற சீமையில் எப்படித் தேடுவது?

மதினி வாய் திறந்தார். "இடது காதுல ஓரமா ஒரு வெட்டு இருக்கும். வலது கொம்பு நுனி கொஞ்சம் மழுங்கல். முதுகுல திமிலுக்குப் பின்னால ஒரு சுழி, நெத்தியில ரெண்டு சுழி. பின்னங்கால் இடது குளம்புல ஒரு கீறல். வாலு முடி கருப்பு, நடுவுல நாலு வெள்ளை முடி."

எழுத எழுத எனக்கு ஆச்சரியம். பெற்ற பிள்ளையின் மச்சத்தைக்கூட நாம் இவ்வளவு சரியாகச் சொல்வோமா! அப்படியே எழுதினேன். காது வெட்டை மட்டும் எழுத வேண்டாம் என்று எங்கள் வீட்டுக்காரர் தடுத்தார். "அதை மனசுக்குள்ள வச்சுக்கோ. யாராவது 'மாடு எங்கிட்ட இருக்கு'ன்னு சொன்னா அதைக் கேட்டுச் சரிபார்க்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தை மறுநாள் எங்களைக் காப்பாற்றியது.

நைட்டிக் கம்பெனிப் பெண்கள் அந்த நோட்டீஸைத் தங்கள் உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று எங்கெல்லாம் பெண் கொடுத்திருக்கிறோமோ, எங்கிருந்தெல்லாம் எடுத்திருக்கிறோமோ அங்கெல்லாம் சேதி போயிற்று. பையன்கள் மூன்று மோட்டார் சைக்கிளில் அந்த ஊரைச் சுற்றி வந்தார்கள். இங்கே மதினி வீட்டுப் பசுவை ஒருத்தி கறந்தாள், ஒருத்தி சோறு வடித்துக் கொடுத்தாள். சொல்லிவைத்து யாரும் செய்யவில்லை, அதுபாட்டுக்கு நடந்தது.

துப்புக் கூலி

மூன்றாம் நாள் ஒரு போன். "காளை எங்க தோட்டத்துல நிக்குது. தீனிச் செலவு ஆகுது. முதல்ல 5,000 ரூபாய் அனுப்புங்க, இடத்தைச் சொல்றோம்." மதினி கழுத்துச் செயினைக் கழற்றிவிட்டார், அடகு வைக்க! நான் போனை வாங்கி, "இடது காது எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார் அந்த ஆள். "போட்டோ ஒண்ணு அனுப்புங்க, உடனே பணம் வரும்" என்றேன். லைன் கட்டாகிவிட்டது. பிறகு அந்த நம்பர் எடுக்கவே இல்லை.

இந்தத் தந்திரம் புதிதல்ல சகோதரிகளே. ஆங்கிலேயர் காலத்திலேயே நம் மதுரை, திருநெல்வேலிச் சீமையில் "துப்புக் கூலி" என்று ஒன்று இருந்தது. மாடு காணாமல் போகும். இடையில் ஓர் ஆள் வருவான். மாடு இருக்கிற இடத்தைத் தெரிந்து சொல்ல இவ்வளவு கூலி என்பான். பணத்தை வைத்தால் மறுநாள் மாடு ஓர் இடத்தில் கட்டிக் கிடக்கும். ஓட்டிப் போனவனும் துப்புச் சொன்னவனும் ஒரே கூட்டம் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் கொடுப்பார்கள், உழவு மாடு போனால் குடும்பம் போச்சு என்று. அன்றைக்கு மாட்டையாவது திருப்பிக் கொடுத்தார்கள், இன்றைக்கு மாடே இல்லாமல் கூலி கேட்கிறார்கள்!

நான்காம் நாள் வந்த சேதிதான் கொடுமை. ஒரு கிணற்றில் காளை விழுந்து கிடக்கிறது, தீயணைப்பு நிலையத்தார் வந்து தூக்குகிறார்கள் என்று சொன்னார்கள். பையன்கள் பறந்து போனார்கள். இங்கே யாரும் பேசவில்லை. அரை மணி நேரம் கழித்து போன் வந்தது. மயிலை இல்லை. கருப்புக் காளை. தூக்கும்போதே உயிர் இல்லை. மதினி "அப்பாடா" என்று சொல்லவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "அது எந்த வீட்டுப் பிள்ளையோ" என்றுதான் அழுதார்.

சேதி கொண்டு வந்த பால் வண்டி

ஐந்தாம் நாள் காலை ஏழு மணி இருக்கும். உசிலம்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட எங்கள் தெருப் பெண் ஒருத்தி போன் செய்தாள். அவர்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்கு வருகிற வண்டிக்காரர், வழியில் நான்கு ஊர் தள்ளி ஓர் அம்மா வீட்டுத் தொழுவத்தில் மயிலைக் காளை ஒன்று நிற்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னாராம். இவள் விடவில்லை. "சுழி எங்க இருக்கு, காது எப்படி இருக்கு, பார்த்துச் சொல்லச் சொல்லுங்க அண்ணே" என்று அனுப்பியிருக்கிறாள். மறுநடை வந்தவர், "இடது காதுல வெட்டு இருக்கு தாயி" என்றிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். பால் வண்டி காலையும் மாலையும் ஊர் ஊராகப் போகிறது. மாடு வைத்திருக்கிற வீடு எது, தொழுவத்தில் எத்தனை உருப்படி என்பது பால் ஊற்றுகிற இடத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு நாங்கள் அனுப்பிய போட்டோ முந்நூறு போனுக்குப் போயிருக்கும். மாட்டைக் கண்டுபிடித்ததோ பால் கேனுக்குப் பக்கத்தில் நடந்த இரண்டு நிமிஷப் பேச்சு!

களம் இருந்த ஊரிலிருந்து 18 கிலோமீட்டர் போயிருந்தது மயிலை. எங்கெங்கோ சுற்றிவிட்டு, அறுவடை முடிந்த வயலில் போட்டிருந்த கிடை மாடுகளோடு போய்ச் சேர்ந்துகொண்டது. கிடை என்றால் தெரியுமல்லவா? எருவுக்காக மாட்டு மந்தையை ராத்திரி வயலில் மடக்கிப் போடுகிறது. மாடு கூட்டத்தில் வாழ்கிற பிராணி. தனியாக விடப்பட்டால் பயம்தான் அதற்குப் பெரிய வியாதி. எங்கே இன்னொரு மாட்டுக் குரல் கேட்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். கிடைக்காரர் புது மாட்டைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்ல, அந்த அம்மா தன் பசுவை முன்னால் ஓட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். மயிலை பின்னாலேயே தொழுவத்துக்குள் வந்துவிட்டது. கம்பு எடுக்கவில்லை, நாலு ஆளைக் கூட்டி வளைக்கவில்லை.

அந்த அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் அவர் செய்ததைத்தான் வெளிநாடுகளில் குதிரைக்காரர்களும் செய்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மலைகளில் ஒரே நாளில் 100 மைல் போகிற குதிரைச் சவாரி ஒன்று 1955 முதல் நடந்து வருகிறது. டெவிஸ் கோப்பை என்று பெயர். வழி நெடுக மிருக வைத்தியர்கள் நின்று ஒவ்வொரு குதிரையின் நாடியையும் நடையையும் பார்த்து, களைத்துப் போனதை மேலே போக விடாமல் நிறுத்திவிடுவார்கள். அந்த மாதிரிச் சவாரிகளில் மிரண்டு ஓடிய குதிரையைத் தேடப் போகிறவர்கள் துரத்த மாட்டார்கள். பழகிய இன்னொரு குதிரையைக் கொண்டுபோய் நிறுத்தித் தீவனத்தைக் காட்டிக் காத்திருப்பார்கள். 2024 ஏப்ரல் மாதம் லண்டன் நகரத்தில் என்ன நடந்தது என்று படித்திருப்பீர்கள். கட்டிட வேலை நடக்கிற இடத்தில் ஏதோ பொத்தென்று விழுந்த சத்தத்தில் ராணுவக் குதிரைகள் மிரண்டு, சவாரிக்காரர்களைத் தள்ளிவிட்டு நடுத்தெருவில் பல மைல் ஓடின. ராணுவத்தில் பழக்கிய குதிரைக்கே அந்தக் கதி என்றால் நம் தொழுவத்து மாட்டைச் சொல்ல வேண்டுமா?

அவர் கேட்ட கேள்வி

மதினியோடு நானும் போனேன். குட்டி யானை அந்தத் தெருமுனையில் திரும்பும்போதே மதினி, "ஏலே மயிலை!" என்று குரல் கொடுத்தார். தொழுவத்துக்குள்ளிருந்து ஒரு கனைப்பு. அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத எனக்குத் தெரியாது.

காளை இளைத்துப் போயிருந்தது. முன்னங்காலில் கண்ணாடிச் சில் கிழித்த காயம். அந்த அம்மா தண்ணீரால் கழுவி, வெள்ளைத் துணி சுற்றி, ஈ அண்டாமல் சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவியிருந்தார். கால்நடை டாக்டரையும் வரவழைத்து ஊசி போட்டிருந்தார். மதினி 2,000 ரூபாயை வெற்றிலை பாக்கோடு வைத்து நீட்டினார். அவர் தொடவில்லை. தேங்காயும் பழமும் இரண்டு தளவாய்புரத்து நைட்டியும் கொண்டு போயிருந்தோம். நைட்டியை மட்டும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "காசு எதுக்குத்தா? நாளைக்கு என் மாடு உங்க ஊர்ப் பக்கம் வந்தா நீங்க கட்டிப் போட மாட்டீங்களா?"

மதினி "கண்டிப்பா" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி. நல்ல மழை. எங்கள் வீட்டு வாசலில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு சினைப் பசு வந்து நின்றது. கழுத்தில் அறுந்த கயிறு. குரல் கொடுத்துக்கொண்டே இருந்தது. என் சின்னவளுக்குக் காய்ச்சல், அப்போதுதான் தூங்கியிருந்தாள். யார் மாடோ, கட்டிப் போட்டால் திருட்டுப் பழி வருமோ, எதற்கு வம்பு என்று நினைத்துத் துடைப்பத்தைக் காட்டி விரட்டிவிட்டேன். அது போகமாட்டாமல் போயிற்று. இரண்டு நாள் கழித்துக் காட்டுக் கிணற்றில் ஒரு பசு மிதந்ததாகப் பேசிக்கொண்டார்கள். அதே பசுதானா என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கப் பயம். ஒரு கயிறும் ஒரு வாளித் தண்ணீரும்தான் அன்றைக்கு என்னிடம் அது கேட்டது.

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த அம்மாவின் கேள்விதான் எனக்குள் ஓடியது.

இது நேற்று வந்த வழக்கமல்ல

ஓடிப்போன மாட்டை மீட்பதை நம் முன்னோர் சாதாரணமாக நினைக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டி வட்டாரத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் வருஷம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். 2,000 வருஷத்துக்கும் முந்தியவை. ஒரு கல்லில் "ஆகோள்" என்ற சொல் பழைய தமிழி எழுத்தில் இருக்கிறது. மாடு கவரும் சண்டையில் உயிர்விட்ட வீரனுக்கு நட்ட கல் அது. செங்கம் பக்கத்து நடுகற்களிலும் மாட்டை மீட்கப் போய் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. மாட்டைத் தேடிப் போனவனுக்குக் கல் நட்டுக் கும்பிட்ட தேசம் இது! பிற்பாடு வெள்ளைக்காரர்கள் 1871-ல் சட்டம் போட்டு, பயிரில் மேய்ந்த மாட்டைப் பவுண்டில் அடைத்து அபராதம் வாங்கினார்கள். வழி தவறிய மாடு என்றால் குற்றவாளி என்கிற எண்ணம் அதோடு நமக்குள் புகுந்துவிட்டதோ என்னவோ! அன்று ராத்திரி எனக்கு வந்த "எதற்கு வம்பு" அதுதான்.

வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க வேண்டியவை

மாடு, குதிரை எதுவானாலும் இவை பொருந்தும்.

1. உங்கள் மாட்டை இரண்டு பக்கவாட்டிலும், நேர் முகத்திலும், பின்னாலும் தனித்தனியாகப் படம் எடுத்து வையுங்கள். காதுத் தோட்டில் இருக்கிற 12 இலக்க எண்ணைக் காலண்டரில் எழுதித் தொங்கவிடுங்கள். சுழி, மச்சம், வெட்டு எல்லாவற்றையும் குறித்து வைத்து, ஒன்றை மட்டும் வெளியே சொல்லாதீர்கள்.

2. வழி தவறிய மாட்டைத் துரத்தாதீர்கள். அதன் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கிருந்து போனால் உதைக்கும். பக்கவாட்டில், பேசிக்கொண்டே மெதுவாக வாருங்கள். முடிந்தால் இன்னொரு மாட்டை முன்னால் நடத்துங்கள். கொம்பைச் சாய்த்து மூச்சு விட்டால் கிட்டப் போகவே வேண்டாம். குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்துங்கள்.

3. ஓடி வந்த மாட்டுக்கு நிழலும் தண்ணீரும் முதல் வைத்தியம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டுவிட்டுக் காட்டுங்கள். பிறகு வைக்கோல், புல். பாவம் என்று சோறும் கஞ்சியும் கரைத்து ஊற்றாதீர்கள். மாட்டின் வயிறு நார்த் தீனிக்கு ஏற்பட்டது. சோறு அதிகமாகப் போனால் அங்கே புளித்து அமிலமாகி, வயிறு உப்பி, மாடு படுத்துவிடும். உயிரே போகும். பொங்கலன்று ஆசையாகப் பொங்கலை அள்ளி ஊட்டி மறுநாள் டாக்டரிடம் ஓடுகிற வீடுகள் எத்தனை!

4. காயத்தில் மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். சுத்தத் தண்ணீரால் கழுவி வெள்ளைத் துணி போதும். நம் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி ஒரு சுருள் வீட்டில் இருந்தால் மனுஷருக்கும் ஆகும், மாட்டுக்கும் ஆகும்.

5. அறியாத மாட்டின் வாயில் கையை விடாதீர்கள். எச்சில் ஒழுகி, விடாமல் கத்தி, விழுங்க முடியாமல் தவித்தால் வெறிநாய் கடித்ததாகவும் இருக்கலாம். அதன் எச்சில் நம் காயத்தில் பட்டாலும் ஆபத்து. சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாடு முட்டிய காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும். சுத்தத் துணியை வைத்து அழுத்திக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். தடுப்பூசி போட மறக்காதீர்கள்.

6. கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. கிணற்றிலோ குழியிலோ விழுந்தால் தீயணைப்பு நிலையத்துக்கு 101. நீங்களே இறங்காதீர்கள்.

7. மாடு வந்திருக்கிறது என்று பால் சொசைட்டியில், கால்நடை ஆஸ்பத்திரியில், கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே சொல்லிவிடுங்கள். நாலு பேருக்குத் தெரிந்து கட்டிப் போட்டால் திருட்டுப் பழி எங்கிருந்து வரும்?

8. கண்டுபிடித்துவிட்டோம், பணம் அனுப்பு என்றால் மாட்டைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மறைத்து வைத்த அடையாளத்தைக் கேளுங்கள்.

9. உங்கள் தோட்டத்துக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லையென்றால் இந்தக் கோடையிலேயே கட்டச் சொல்லுங்கள். அதுவரை முள்வேலியாவது போடட்டும். மாட்டுக்கு மட்டுமல்ல, நம் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

மயிலையின் கால் ஆறிவிட்டது. அடுத்த வருஷம் வாடிக்கு அனுப்புவீர்களா என்று மதினியிடம் கேட்டேன். மகன் அனுப்ப வேண்டும் என்கிறான். மதினி பதில் சொல்லவில்லை. "தீனி தின்னட்டும் முதல்ல" என்றார். அந்த வழக்கு அவர்கள் வீட்டில் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நான் நடுவில் போகவில்லை.

எங்கள் வீட்டு வாசல் தூணில் இப்போது ஒரு கயிறு தொங்குகிறது. கீழே ஒரு தொட்டியில் தண்ணீர். என் சின்னவள், அன்று காய்ச்சலில் தூங்கியவள்தான், இப்போது காலேஜ் போகிறாள். "எதுக்கும்மா இது?" என்று கேட்டாள். "வருகிற விருந்தாளிக்கு" என்றேன். இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது அவளுக்கும் புரியும்.

வடாம், வற்றல் பற்றி அடுத்த இதழில் கட்டாயம் எழுதுகிறேன். அதுவரை உங்கள் வாசலிலும் ஒரு தொட்டித் தண்ணீர் இருக்கட்டும்.